மூளையில் நார் பிரிக்கப் பழகுவது எப்படி

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் டிசெக்‌ஷன் ஹாலில் மூளையைப் பார்ப்பது பெரும்பாலும் துண்டுகளாகத்தான். நீண்ட கத்தியால் குறுக்கே சீவிய ஸ்பெசிமன் ஒரு தட்டில் இருக்கும். ஓரத்தில் சாம்பல் நிறம், நடுவில் வெள்ளை. "இதுதான் வெண்பொருள்" என்று காட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவோம். அந்த வெள்ளைப் பரப்பு முழுக்க நார் என்பதையும், ஒவ்வொரு கற்றைக்கும் போகும் வழி ஒன்று உண்டு என்பதையும் அந்தத் துண்டில் பார்க்கவே முடியாது. இருபது வயதுக்காரர் ஒருவரின் மூளையில் மையலின் என்ற கொழுப்பு உறை போட்ட நார்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுமார் 1,50,000 முதல் 1,75,000 கிலோமீட்டர் வரை வரும். இடது வலது அரைக்கோளங்களை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தில் மட்டும் ஏறக்குறைய 20 கோடி நார்கள்.

இந்த வழிகளைக் கையாலேயே பிரித்துப் பார்க்கும் முறைக்கு ஃபைபர் டிசெக்‌ஷன் என்று பெயர். அனாடமி எம்.டி. சேர்ந்தவர்கள், நியூரோசர்ஜரிக்குப் போக நினைப்பவர்கள், பாளையங்கோட்டை, தூத்துக்குடி, ஆசாரிபள்ளம் பக்கம் படித்துக்கொண்டு 'நம்ம ஊரில் இதையெல்லாம் செய்ய முடியுமா' என்று தயங்குபவர்கள், இவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். செய்ய முடியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஃப்ரீசர், மூங்கில் குச்சி, நல்ல வெளிச்சம், மூன்று மாதப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் அனுமதி

மனித மூளையை உங்கள் கல்லூரியின் அனாடமி துறைக்குள் மட்டுமே தொட வேண்டும். துறைத்தலைவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. ஆய்வாகச் செய்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். உடல் தானமாக வந்தவரின் குடும்பம் எதற்குச் சம்மதித்திருக்கிறது என்பதைப் படிவத்தில் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்தவரின் கை வேறு மாதிரி வேலை செய்யும். நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

காரணம் தெரியாத மூளை நோயால் இறந்தவர், வெறிநாய்க் கடியால் இறந்தவர், வேகமாக மோசமாகும் மறதி நோய் இருந்தவர், இவர்களின் மூளையை எடுக்கவே கூடாது. சி.ஜே.டி. போன்ற மூளை நோய்களை உண்டாக்கும் ப்ரியான் என்ற புரதம், மூளையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் அழிவதில்லை. இதில் சமரசமே கிடையாது.

ஏன் உறைய வைக்கிறோம்

1665-இல் பாரிஸில் நிகழ்த்திய உரையிலேயே டென்மார்க் அனாடமி அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சன் இதைச் சொல்லிவிட்டார்: மூளையைப் புரிந்துகொள்ளச் சரியான வழி, நார்கள் எங்கே புறப்பட்டு எங்கே முடிகின்றன என்று பின்தொடர்ந்து போவதுதான். மிகக் கடினமான வேலை என்பதையும் சேர்த்தே சொன்னார். சாதாரண மூளை களி மாதிரி கொழகொழவென்று இருக்கும். பிரிக்கப் போனால் கூழாகிவிடும். பின்னால் வந்த பிரெஞ்சு மருத்துவர் வியூசான்ஸ் எண்ணெயில் வேகவைத்துப் பார்த்தார். ஜெர்மானிய மருத்துவர் ரைல் ஆல்கஹாலில் ஊறவைத்தார். ஓரளவுக்குத்தான் பலன் கிடைத்தது.

சரியான வழியைக் கண்டவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்து யோசப் கிளிங்லர். அவர் பேராசிரியர் இல்லை. அனாடமி கூடத்தில் ஸ்பெசிமன் தயாரிப்பதுதான் அவர் வேலை. ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையை உறைய வைத்து, பிறகு உருக விட்டால் நார்கள் தாமாகவே விலகி நிற்கின்றன என்று 1935-இல் எழுதினார். நார்களுக்கு இடையே ஊறி நிற்கும் நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கிறது. அந்தப் பெருக்கம் ஒவ்வொரு கற்றையையும் பக்கத்துக் கற்றையிலிருந்து மெல்ல நெம்பித் தள்ளுகிறது. அவ்வளவுதான் இதிலுள்ள தந்திரம். பத்தமடையில் பாய்க்கான கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கீறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஆட்டு மூளையில் தொடங்குங்கள்

முதல் மூளை மனித மூளையாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் கெடுத்துவிட்டால் அதற்கு மாற்றுக் கிடையாது. மேலப்பாளையத்திலோ உங்கள் தெருமுனையிலோ கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்து ஆட்டுத் தலை வாங்குங்கள். இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும்: தலையை வாட்டக் கூடாது, மண்டையைப் பிளக்கக் கூடாது. நம் கடைகளில் இரண்டையும் பழக்கத்தில் செய்துவிடுவார்கள். வாட்டிய தலையில் மூளையின் மேற்பரப்பு வெந்துபோயிருக்கும். வாங்கிய அன்றே துறைக்குக் கொண்டுபோய் மூளையை எடுத்து ஃபார்மலினில் போடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கமே போகக் கூடாது.

ஆட்டு மூளை சிறியது. மனித மூளையிலுள்ள கற்றைகள் பல அதில் தெளிவாக இருக்காது. ஆனால் சாம்பல் பொருள் எப்படி உதிர்கிறது, வெண்பொருள் எப்படி இழையாக வருகிறது, எவ்வளவு அழுத்தினால் கிழிகிறது என்பதை விரல் கற்றுக்கொள்ள அது போதும். இரண்டு மூன்று ஆட்டு மூளையாவது பார்த்துவிட்டு அப்புறம் மனித மூளைக்கு வாருங்கள்.

பதப்படுத்துவது

இங்கேதான் பாதி வேலை கெடுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மூளையை மண்டையோட்டிலிருந்து எடுப்பதை அனுபவமுள்ளவர் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இறந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நம் சித்திரை வெயிலில் ஒரு நாள் தாமதித்தாலே நடுப்பகுதி இளகிவிடும். எம்பாம் செய்த உடலுக்குள்ளேயே பல மாதம் கிடந்த மூளை வெளியே கெட்டியாகவும் உள்ளே சேறாகவும் இருக்கும். அது இந்த வேலைக்கு உதவாது.

பத்து விழுக்காடு ஃபார்மலின் என்றால் என்ன என்பதில் புதியவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள். கேனில் வரும் ஃபார்மலினிலேயே ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 விழுக்காடு வரைதான் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் அதுதான் பத்து விழுக்காடு ஃபார்மலின். உண்மையில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 விழுக்காடுதான் இருக்கும். 'பத்து விழுக்காடு ஃபார்மால்டிஹைடு' என்று கணக்குப் போட்டுக் கலந்தால் மேற்பரப்பு கல்லாகிவிடும், உள்ளே மருந்து இறங்காது.

மூளையை வாளியின் அடியில் வைத்துவிடாதீர்கள். தன் எடையிலேயே சப்பையாகிவிடும். அடிப்புறத்தில் ஓடும் பேசிலர் தமனிக்குக் கீழே ஒரு நூலை நுழைத்து, வாளியின் குறுக்கே வைத்த கம்பில் கட்டி, தலைகீழாக மிதக்கவிடுங்கள். மூன்று நான்கு நாள் கழித்துக் கரைசலை மாற்றுங்கள். பிறகு குறைந்தது நான்கு வாரம். இரண்டு மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கணக்கில் தொட்டியில் கிடந்த பழைய மூளையை 'சும்மாதானே கிடக்கு' என்று எடுத்தால் நார் இழையாக வராது, பொடிப்பொடியாக உடையும்.

ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. கையுறை, கண்ணாடி, ஜன்னல் திறந்த அறை, வெளியே இழுக்கும் ஃபேன் எல்லாம் கட்டாயம். கண் எரிந்தால் வெளியே போய்விடுங்கள். தாங்கிக்கொள்வதில் வீரம் எதுவும் இல்லை.

சவ்வு எடுத்தல், உறைய வைத்தல்

பதமான மூளையை ஓடும் நீரில் ஒரு நாள் கழுவுங்கள். பிறகு மூளையைப் போர்த்தியிருக்கும் அரக்னாய்டு, பையா சவ்வுகளையும் இரத்தக் குழாய்களையும் நுனி மெலிந்த ஃபோர்செப்ஸால் எடுக்க வேண்டும். மூளையின் பக்கவாட்டில் ஓடும் ஆழமான சில்வியன் பள்ளத்திலிருந்து தொடங்கினால் எளிது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கிய சவ்வை மெதுவாக உருவுங்கள். இதற்கே இரண்டு மூன்று நாள் ஆகும். சலிப்பான வேலைதான், ஆனாலும் விட முடியாது; உறைந்த பிறகு சவ்வை இழுத்தால் கார்டெக்ஸும் (மேலே உள்ள சாம்பல் அடுக்கு) அதோடு கழன்று வந்துவிடும்.

அப்புறம் நடுக்கோட்டில் நீண்ட கத்தியால் ஒரே வெட்டில் இரண்டாகப் பிரியுங்கள். இந்த வேலை முழுவதிலும் கத்திக்கு இடமுள்ளது இங்கே மட்டும்தான். ஒரு பாதியை வெளிப்புறத்திலிருந்தும் மறு பாதியை உட்புறத்திலிருந்தும் பிரிக்கலாம்.

மைனஸ் 10 முதல் மைனஸ் 15 டிகிரி வரை, குறைந்தது எட்டுப் பத்து நாள் வையுங்கள். சாதாரண டீப் ஃப்ரீசர் போதும். ஆய்வுக்கூடத்தில் மைனஸ் 80 பெட்டி இருக்கிறதே என்று அதில் போடாதீர்கள். வேகமாக உறைந்தால் பனிப்படிகம் பொடியாக இருக்கும். நமக்கு மெதுவாக வளர்ந்த பெரிய படிகம்தான் நாரை விலக்கித் தரும். நீண்ட நேரம் கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மூடியே இருந்தால் குளிர் நிற்கும். உருகிவிட்டால் மறுபடி உறைய வைத்து நாட்கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

உருக வைக்கக் குழாய்த் தண்ணீரில் போடுங்கள். அதிகாலையில் செய்யுங்கள். நம் ஊரில் பதினோரு மணிக்கு மேல் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துத்தான் வரும். அதில் போட்டால் வெளிப்புறம் இளகி உள்ளே கட்டியாக நிற்கும்.

கையும் குச்சியும்

நான் இதைப் பழகியபோது கூடத்தில் ஓர் அட்டெண்டர் இருந்தார். முப்பது வருட அனுபவம். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். என் முதல் மூளையை நான் ஸ்கால்பெல் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கற்றையும் தெரியவில்லை. எங்கே தொட்டாலும் வழவழப்பான வெள்ளைச் சுவர். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்தியக் கீழ வைங்க டாக்டரே. வாழைமட்டைல நார் கிழிக்கிற மாரி பைய இழுங்க. ஏன் இப்படி அவசரப்படுதீய?"

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை பிடிபட்டது. கத்தி வைத்தால் கத்தி போகும் வழிதான் தெரியும், நார் போகும் வழி தெரியாது. வாழைமட்டையில் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் நார் தன் வாக்கில் தானே கிழிந்து வரும். இங்கேயும் அதேதான். ஒரு சிறு நுனியைக் குச்சியால் நெம்பி, ஃபோர்செப்ஸால் பிடித்து, அது போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த்து வந்தால் நிறுத்துங்கள். திசை தவறிவிட்டது அல்லது கீழடுக்குக்குப் போய்விட்டோம் என்று அர்த்தம்.

மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, சொரசொரப்பு போகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் குச்சியும் நன்றாக உதவும். பெரிய பரப்புக்கு அகலமானது, பள்ளத்துக்கு மெல்லியது என்று நாலைந்து வைத்திருங்கள். மைக்ராஸ்கோப் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நெற்றியில் மாட்டும் லென்ஸ் போதும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழட்டும். நாரின் பளபளப்பு அப்போதுதான் தெரியும். அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள். ஒரு நாள் வேலை முடிந்ததும் ஐந்து விழுக்காடு ஃபார்மலினில் வைத்துவிடுங்கள். நார் ஒட்டத் தொடங்கினால் கழுவி மறுபடி உறைய வைக்கலாம்.

வெளிப்புறத்திலிருந்து உள்ளே

தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்க மேற்பரப்பை மட்டும் படியுங்கள். சில்வியன் பள்ளம், சென்ட்ரல் சல்கஸ் (சல்கஸ் என்றால் பள்ளம்), காதுப் பக்கத்து மேல் டெம்போரல் சல்கஸ், சுப்ராமார்ஜினல் மடிப்பு ஆகியவற்றை அடையாளம் கண்டு நிற நூல் கட்டிய ஊசிகளைக் குத்துங்கள். கார்டெக்ஸ் போன பிறகு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல அந்த ஊசிகள்தான் இருக்கும்.

மேல் டெம்போரல் சல்கஸின் அடியிலிருந்து தொடங்குங்கள். கார்டெக்ஸ் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். குச்சியால் தள்ளினால் ஊறிய அவல் மாதிரி உதிரும். வெள்ளை பளபளப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒரு மடிப்பிலிருந்து இறங்கி, பள்ளத்துக்கு அடியில் வளைந்து, அடுத்த மடிப்புக்கு ஏறும் குட்டையான நார்கள் தெரியும். அவைதாம் யு நார்கள். அரைக்கோளம் முழுக்க இந்த அடுக்கிலேயே கார்டெக்ஸை எடுத்து முடியுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஆழமாகத் தோண்டிப் பார்க்கும் ஆசைதான் பல ஸ்பெசிமன்களைக் கெடுத்திருக்கிறது.

அடுத்து, சுப்ராமார்ஜினல் மடிப்பைச் சுற்றியுள்ள யு நார்களை எடுத்தால் முன்னும் பின்னும் ஓடும் நீண்ட நார்கள் தெரியும். சில்வியன் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் இன்சுலாவின் மேலாக ஓடி, அந்தப் பள்ளத்தின் பின்முனையைச் சுற்றி வளைந்து டெம்போரல் பகுதிக்கு இறங்குவது ஆர்க்குவேட் கற்றை. பேச்சோடு தொடர்புடையது. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா ஆராய்ந்த, பேச்சிழந்த நோயாளி லெபோர்னின் மூளையை அவர் வெட்டாமல் முழுதாகப் பாதுகாத்தார். அது பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2007-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு, சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை, உள்ளே இந்த நீள் கற்றைகள் வரை போயிருக்கிறது என்று காட்டியது. பேச்சைக் கார்டெக்ஸின் ஒரு புள்ளியில் மட்டும் தேடக் கூடாது என்பதை இந்தக் கற்றையைக் கையில் பிடித்துப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஆர்க்குவேட்டைப் படம் எடுத்த பிறகு இன்சுலாவை மூடியிருக்கும் மடிப்புகளை எடுங்கள். இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்சுலாவின் கார்டெக்ஸை எடுத்தால் எக்ஸ்ட்ரீம் கேப்ஸ்யூல் என்ற மெல்லிய வெண்தாள். அதன் கீழே கிளாஸ்ட்ரம், கடிதத்தாள் மாதிரி சாம்பல் நிறத்தில். அதற்கும் கீழே எக்ஸ்டர்னல் கேப்ஸ்யூல், விசிறியாக. ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்குதான். அவசரப்பட்டால் மூன்றும் ஒரே இழுப்பில் போய்விடும்.

இன்சுலாவின் முன் அடிமூலையில், லிமென் என்ற விளிம்பில், இரண்டு கற்றைகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கொக்கியாக வளைந்து டெம்போரல் முனைக்கு இறங்குவது அன்சினேட். அதை ஒட்டிச் சற்றுப் பின்னும் மேலும், இடுப்பு ஒடுங்கியது போல் குறுகிப் பிறகு பின்மண்டையின் ஆக்ஸிபிடல் பக்கமாக விரிந்து ஓடுவது ஐ.எஃப்.ஓ.எஃப். (இன்ஃபீரியர் ஃபிரன்டோ-ஆக்ஸிபிடல் கற்றை). எல்லையை இரண்டுக்கும் நடுவில் தேடினால் கிடைக்காது. முனைகளைப் பிடித்துப் பின்னோக்கி வாருங்கள். கீழே திரும்பும் நாரையும் பின்னே போகும் நாரையும் தனித்தனியாக இழுத்தால் எல்லை தானே பிரியும்.

எக்ஸ்டர்னல் கேப்ஸ்யூலை எடுத்தால் புட்டாமென் என்ற சாம்பல் பொருள் திரள். சிறு கரண்டியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடலாம். உள்ளே குளோபஸ் பாலிடஸ் கொஞ்சம் கெட்டியாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். அதுவும் போனால் இன்டர்னல் கேப்ஸ்யூல் சுவராக எழுந்து நிற்கும். மேலே விரிந்து கரோனா ரேடியேட்டாவாகும். உடம்பின் ஒரு பக்கத்தை இயக்கும் நார்கள் இந்தக் குறுகிய இடத்தில் அடைபட்டுப் போகின்றன. புட்டாமெனில் ஒரு சின்ன இரத்தக்கசிவு ஏன் கையையும் காலையும் ஒன்றாக முடக்குகிறது என்பதைப் பக்கவாத வார்டில் மாதக்கணக்கில் நின்றும் நான் இப்படிப் புரிந்துகொண்டதில்லை. பாலிடஸுக்கு அடியில் முறுக்கிய கயிறு மாதிரி குறுக்கே ஓடுவது ஆன்டீரியர் கமிஷர், அறுக்காமல் விடுங்கள்.

டெம்போரல் பகுதியில் பார்வை நார்களைத் தேடும்போது அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு பகுதி முதலில் முன்னோக்கிப் போய், வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) டெம்போரல் கொம்புக்கு மேலாக வளைந்து, அப்புறம் பின்னே திரும்புகிறது. இது மேயர் வளைவு. டெம்போரல் முனைக்கும் இந்த வளைவுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். 22 முதல் 37 மில்லிமீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். வலிப்பு நோய்க்காக டெம்போரல் முனையை எடுக்கும் அறுவை சிகிச்சையில் இது அறுபட்டால் எதிர்ப்பக்கத்துப் பார்வையின் மேல் காற்பகுதி போய்விடும். நீங்கள் பிரிக்கும் ஒவ்வொரு மூளையிலும் இந்தத் தூரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

உட்புறப் பாதி இதைவிட எளிது. சிங்குலேட் மடிப்பின் கார்டெக்ஸை எடுத்தால் சிங்குலம் என்ற கற்றை, அதன் கீழே கார்ப்பஸ் கலோசம், பிறகு ஃபோர்னிக்ஸ் என்ற வளைந்த கற்றை. ஃபோர்னிக்ஸைப் பின்தொடர்ந்து மாமிலரி பாடி வரை போய், அங்கிருந்து தலாமஸுக்கு ஏறும் சின்னக் கற்றையையும் எடுத்துவிட்டால் முதல் மூளைக்கு அது தாராளம்.

படமும் சந்தேகமும்

ஒவ்வோர் அடுக்கையும் பார்க்க வேண்டுமானால் முந்தைய அடுக்கை அழித்தாக வேண்டும். திரும்பிப் போக வழியில்லை. அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிலையாக நிறுத்தி, ஒரே உயரத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் எடுங்கள். மேற்பரப்பில் உள்ள நீரை ஒற்றி எடுத்துவிட்டுப் படம் பிடித்தால் வெளிச்சம் தெறிக்காது.

இன்னொன்றும் மனத்தில் இருக்க வேண்டும். நம் கை ஆசைப்படும் கற்றையை உருவாக்கிவிடும். ஒன்றையொன்று வெட்டிப் போகும் நார்களில் ஒன்றைக் காப்பாற்ற மற்றதைக் கிழித்தாக வேண்டும். கிழித்தது இல்லாமலே போனதுபோல் படத்தில் தெரியும். நார் கார்டெக்ஸில் எந்த செல்லில் முடிகிறது என்பதும் இந்த முறையில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான டி.டி.ஐ. ஸ்கேன் படத்தில் வண்ண வண்ணமாக வரும் கோடுகளும் நீர் நகரும் திசையிலிருந்து கணக்கிட்டவைதாம். அவற்றிலும் இல்லாத பாதைகள் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மூளையில் கண்டதை இன்னும் நாலைந்து அரைக்கோளங்களில் காணும் வரை 'இருக்கிறது' என்று எழுதாதீர்கள்.

சுரண்டி எடுத்த கார்டெக்ஸ், உதிர்ந்த நார், சவ்வு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே எண் எழுதிய ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். சிங்க்கில் கழுவிவிடக் கூடாது; குப்பைக்கும் போகக் கூடாது. வேலை முடிந்ததும் அந்த எண்ணுக்குரிய உடலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எங்கள் அண்ணாச்சி அந்த டப்பாவை மூடும் முன் எண்ணை இரண்டு முறை சத்தமாகப் படிப்பார், பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பார், பிறகுதான் மூடியைத் திருகுவார்.